சாய்வரை என்று எழுதியவனுக்கு

அருப்புக்கோட்டைத் தேரடியில் அன்று மாலை கூடியிருந்த பெருமக்களே! பரளச்சியிலிருந்தும் பந்தல்குடியிலிருந்தும் வண்டி பூட்டி வந்த உழவர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளத் தோழர்களே! தாய்மார்களே! பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் மேடையேறிச் சூளுரைத்தபோது உள்ளங்கை சிவக்கக் கைதட்டினீர்களே, அந்தக் கைகளுள் ஒன்றில்தான் இந்தத் துண்டறிக்கை இப்போது இருக்கிறது. கசக்கி எறிந்துவிடாதீர்கள். அன்று உங்கள் கண்முன்னே ஒரு கொடுமை நடந்தது. நீங்கள் அதை மறம் என்று எண்ணினீர்கள். எண்ணும்படி நான் பேசினேன். நான்கைந்து சொற்களுக்காக ஒரு பிள்ளையின் வாழ்வு நின்றுபோயிற்று. இதுவே என் முறையீடு. இத்தனை ஆண்டுகளாக மேடைதோறும் நான் எவர்மீது குற்றஞ்சாட்டி வந்தேனோ அவர்கள்மீது அல்ல இந்த முறையீடு, என்மீது. இனி நான் எழுதுவதெல்லாம் என் மகனுக்கு. நீங்கள் உடனிருந்து கேளுங்கள். அன்றும் உடனிருந்தவர்கள் நீங்கள்தாமே.

மகனே, உனக்கு முகவரி இல்லை. நிலம் அளக்கும் கூட்டத்தோடு சங்கிலி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு எந்த அஞ்சற்காரர் மடல் கொண்டு வருவார்? அதனால்தான் இதை அச்சிட்டுச் சந்தைகளிலும் வண்டிப்பேட்டைகளிலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஊரறியக் கட்டிய கட்டை ஊரறியத்தான் அவிழ்க்க வேண்டும். கூட்டத்தின் நடுவே உன் கழுத்தில் மாலையாக நான் போட்டதைத் தனி மடலில் எடுத்துவிட முடியாது. அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் வழக்கம்போலக் கேட்டார்: "அய்யா, எந்த ஊருல கூட்டம்? தேதியை மொதல்ல சொல்லுங்க." கூட்டம் ஏதும் இல்லை என்றேன். "கூட்டம் இல்லாம நோட்டீசா? அப்ப கீழ என்ன போட?" என்றார். உன் தாயோ ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "அவன் வந்தா எனக்காக வருவான். ஒங்க நோட்டீசுக்கு வரமாட்டான்." அவள் கணிப்பு பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆயினும் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நம் வழக்கு நேர்மையானதாகவே இருந்தது என்பதை மட்டும் மறுக்காதே. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கணக்கு நூலை விரித்து வைத்துக்கொண்டு உரக்க உருப்போட்டாய். சமகோணம், லம்பம், சமாந்தர ரேகை, கர்ணம். வயலிலிருந்து கம்புக் கதிரோடு வந்த உன் தாய் நின்று கேட்டுவிட்டு, "யாரு வீட்டுக் கருமாதிக்குடா மந்திரம் படிக்கிறே?" என்றாள். நீயும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு கேட்டேன், லம்பம் என்றால் என்ன என்று. உனக்குத் தெரியவில்லை. நூலில் இருந்த படத்தைக் காட்டினாய். அது கிணற்றில் விட்ட கயிறுபோல் நேரே கீழிறங்கும் கோடு. கரிசல்காட்டுப் பிள்ளை, பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்றுக்குப் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்தாய். அந்தச் சினம் உண்மையானது. அதை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்று தொடங்கினோம். நாற்பது பக்க ஏடு ஒன்றில் நீ கோடு கிழித்தாய், நான் பெயர் வைத்தேன். இரு கோடுகள் முட்டி நிமிர்ந்து நிற்கும் சமகோணம் நிமிர்மூலை. அதைவிடக் குறுகியது குறுமூலை; அகன்றது விரிமூலை. நேரே இறங்கும் கோடு நிமிர்வரை. எவ்வளவு தொலைவு போனாலும் விலகாமலும் முட்டாமலும் செல்லும் இரு கோடுகளை முதலில் இணைவரை என்றோம். மூன்று பக்க வடிவில் நிமிர்மூலைக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் நெடிய பக்கத்துக்கு, நூல் சொல்லும் கர்ணத்துக்கு, சாய்வரை என்று பெயர் வைத்தவன் நீ. அன்று உன்னை நான் தோளில் தூக்காதது ஒன்றுதான் குறை. அந்த ஏடு மட்டும் நம் வீட்டோடு நின்றிருந்தால், தகப்பனும் பிள்ளையும் கூடி ஆடிய நல்ல விளையாட்டாக அது இருந்திருக்கும்.

நான் நிற்க விடவில்லை. பத்தாம் வகுப்பின் பாதியில், விருதுநகரில் என்னைப் போன்ற இன்னொரு பேச்சாளர் மேடையில் இணைவரை என்ற சொல்லை எடுத்தாண்டார் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ந்திருக்க வேண்டும். இருவர் தனித்தனியே ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்தால் அதுதான் சொல்லுக்குக் கிடைக்கும் பெரும் சான்று. எனக்கோ வயிறு எரிந்தது. அவர் வாயில் புகுந்த சொல் என் ஏட்டில் இருக்கலாகாது என்று, உன்னை உட்காரவைத்து, இணைவரை என்று எழுதிய இடமெல்லாம் அடித்து உடன்வரை என்று மாற்றி எழுதச் சொன்னேன். நீ எழுதினாய். எழுதிக்கொண்டே கேட்டாய்: "அவரு நாளைக்கு இதையும் சொல்லிட்டா என்னப்பா செய்ய?" நான் சீறி விழுந்தேன். தமிழுக்காகப் போராடுகிறேன் என்றுதான் அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன், மகனே. எந்தத் தொண்டிலும் உன் பெயர் முன்னே வந்து நிற்கத் தொடங்குமானால் அந்த நாளே அதைவிட்டு விலகிவிடு. நான் விலகவில்லை.

மாட்டுக் கொட்டத்துக்குச் சுவர் எழுப்பிய நாளும் அதே ஆண்டுதான். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த கொத்தனார் நூலைக் கட்டி, ஒரு பக்கம் மூன்று முழமும் மறுபக்கம் நான்கு முழமும் அளந்து முளையடித்து, குறுக்கே கயிற்றைப் பிடித்தார். ஐந்து முழம் வந்தது. "மூலைமட்டம் பிடிச்சாச்சு அய்யா" என்றார். நான் அவருக்கும் பாடம் நடத்தினேன்: மூலைமட்டம் என்னாதே, நிமிர்மூலை என்று சொல். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பேரு என்னத்தையும் வச்சுக்கோங்க. குறுக்குக் கயிறு அஞ்சு மொழம் வரலேன்னா சொவரு கோணிக்கிரும். அதுக்குப் பேரு தெரியாதுல்ல?" நீ வாய்விட்டுச் சிரித்தாய். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். கூலியைக் கையில் கொடுத்து அவரையும் அனுப்பிவிட்டேன். மீதிச் சுவரை நானே ஆள் வைத்து எழுப்பினேன். கொட்டத்தின் வடக்கு மூலை இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது. வடமொழியை விரட்டப் புறப்பட்ட நான், தமிழன் கையில் உழைத்துத் தேய்ந்த சொல் ஒன்று என் வாசலுக்கே வந்தபோது அதையும் விரட்டினேன். அந்த ஏட்டில் மூலைமட்டம் இல்லை. சுவரின் நேர் பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டு இல்லை. இருந்தவை எல்லாம் நானும் நீயும் மட்டும் அறிந்த சொற்கள். அவற்றையே நாட்டு மக்களின் சொற்கள் என்று மேடையில் முழங்கினேன்.

பள்ளியிறுதித் தேர்வுக்கு மூன்று திங்கள் முன்பு உன் கணக்கு ஆசிரியர் வீடு தேடி வந்தார். பேச்சைத் தொடங்கவே தயங்கினார். "அய்யா, பயல் கெட்டிக்காரன். என் கையில இத்தனை வருசத்துல இப்படி ஒரு பயல் வந்ததில்ல. ஆனா கடைசிப் பரீட்சைத் தாளை நான் திருத்தப் போறதில்ல. எங்கயோ வெளியூருல ஒருத்தர் திருத்துவாக. அவுகளுக்கு ஒங்க வீட்டு நோட்டு தெரியுமா? அவுக கையில இருக்கிறது அச்சடிச்ச புஸ்தகந்தான்." அவர் கற்றுக்கொள்ளட்டும் என்றேன் நான். நீ கதவோரம் நின்றிருந்தாய். "அப்பா, ரெண்டையும் எழுதிரவா? நம்ம சொல்லை எழுதிட்டு, பக்கத்துலயே புஸ்தகச் சொல்லையும் போட்டுர்றேன்" என்றாய். ஆசிரியர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதினாறு வயதில் நீ கண்டுபிடித்த வழி அது. எவரும் தோற்காத வழி. "ஒரு தாளில் இரண்டு நாக்கா?" என்றேன். அந்த வரி எனக்கே பிடித்துப்போயிற்று. அடுத்த கூட்டத்தில் அதையே எடுத்துப் பேசினேன்.

அந்தக் கூட்டம்தான் தேரடிக் கூட்டம். தேர்வுத் தாளில் வடசொல் ஒன்றுகூட எழுத மாட்டேன் என்று என் மகன் சூளுரைப்பான் என முன்கூட்டியே துண்டறிக்கையில் அச்சிட்டுவிட்டு, அச்சான பிறகு உன்னிடம் சொன்னேன். மேடையில் உன் குரல் முதற்சொல்லில் உடைந்தது. கூட்டம் அதை உணர்ச்சி என்று கொண்டது. நான் அறிவேன், அது அச்சம். மாலையைப் போட்டபோது என் காதருகே மெல்லக் கேட்டாய்: "இனிமே மாத்த முடியாதாப்பா?" கைதட்டலில் எனக்குக் கேளாததுபோல் இருந்துவிட்டேன். கேட்டது, மகனே. உனக்குப் பிள்ளை பிறந்தால் எந்தக் கூட்டத்தின் முன்னும் அவனைக் கொண்டுபோய் நிறுத்தாதே. அவன் சொல்ல வேண்டியதை அவனே தேடட்டும்.

நீ சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வடசொல்லும் எழுதவில்லை. முடிவு வந்தபோது மற்றவற்றிலெல்லாம் தேறியிருந்தாய். கணக்கில் மட்டும் வீழ்ந்திருந்தாய். தாளைத் திருத்தியவர் உன் ஆசிரியரோடு படித்தவராம். பின்னொரு நாள் இருவரும் சந்தித்தபோது அவராகவே பேச்செடுத்தாராம்: "ஒங்க பக்கத்துப் பயல் ஒருத்தன் தாளு வந்துச்சு. படத்தைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். வாசிச்சா ஒண்ணும் வெளங்கல. நிமிர்மூலைங்கான், சாய்வரைங்கான். கர்ணத்தைக் காணோம். நான் எங்க மார்க்குப் போட?" அவர் தீயவர் அல்லர். படத்தை மெச்சியிருக்கிறார். நம்மை ஒடுக்க எவரும் பதுங்கியிருக்கவில்லை. விளங்காமல் எழுதிய தாள் ஒன்று விளங்காமல் திரும்பி வந்தது, அவ்வளவே. செய்தி கேட்ட அன்று உன் தாய் அடுப்படியிலிருந்தபடியே சொன்னாள்: "மேடையில பேசுறது காணாதுன்னு பயலைப் பரீட்சையிலயும் பேச விட்டீகளே."

இதோடு நின்றிருந்தால் நீ வீட்டில் இருந்திருப்பாய். மறு ஆண்டு எழுதியிருப்பாய். நான் செய்த பெரும்பிழை அதன்பிறகுதான். பத்து நாள் கழித்துத் திருச்சுழியில் ஒரு கூட்டம். குண்டாற்று மணலில் பந்தல் போட்டிருந்தார்கள். பேச எழுந்தேன். எதைப் பேசுவது என்று எண்ணிப் போனேனோ அது வரவில்லை; நீ வந்தாய். என் மகனைத் தமிழுக்குக் காவு கொடுத்துவிட்டேன் என்றேன். அவன் தேர்வில் தோற்கவில்லை, தேர்வுதான் அவனிடம் தோற்றது என்றேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆற்றின் இரு கரையும் அதிரக் கைதட்டல். என் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சை நான் பேசியதில்லை. நீ வந்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் பின்னே, வண்டிகள் அவிழ்த்துவிட்ட இடத்தில் நின்றிருக்கிறாய். மறுநாள் காலையில் துணிப்பையோடு வாசலில் வந்து நின்று, "கைதட்டு நல்லா இருந்துச்சுப்பா" என்றாய். உன் தாயிடம் மட்டும், "போறேம்மா" என்றாய். போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் நம் வீட்டிலிருந்து எவரும் கிளம்பியதில்லை. அவள் அதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று ஆண்டுகள். சென்ற வாரம் பருத்திப் பொதி ஏற்றித் தூத்துக்குடிச் சாலையில் போன வண்டிக்காரர் ஒருவர் உன்னைப் பந்தல்குடிக்கு அப்பால் பார்த்ததாக வந்து சொன்னார். உடைமரத்து நிழலில் காக்கிக் காற்சட்டை போட்ட அளவையாளர் குடை பிடித்து உட்கார்ந்திருக்க, நீ முள்ளுக்குள் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனாயாம். வண்டியை நிறுத்தி அவர் கேட்டாராம்: "ஏய் தம்பி, நீ மேடைக்காரரு மகன்தான?" நீ, "இல்லண்ணே, வேற ஆளு" என்றாயாம். "மொகம் அச்சா அவுக மொகமா இருக்கே." "மொகந்தாண்ணே இருக்கு." அதற்குள் குடைக்குள்ளிருந்து குரல்: "அங்க என்னலே பேச்சு? லம்பத்தைச் சரியாப் பிடி!" நீ கோலை நட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "லம்பம் சரியா இருக்குங்க அய்யா. நீங்க எழுதின அளவுதான் தப்பு. கர்ணம் இவ்வளவு வராது" என்றாயாம். அளவையாளர் எழுந்து வந்து மறுபடி அளந்தாராம். நீ சொன்னதே சரியாக இருந்ததாம். "சங்கிலி இழுக்கிற பயலுக்கு வாயைப் பாரு" என்று சொல்லிவிட்டு, கணக்கைத் திருத்திக்கொண்டு போய்க் குடைக்குள் உட்கார்ந்தாராம்.

வண்டிக்காரர் இதை வேடிக்கையாகச் சொன்னார். நான் எழுந்து கொட்டத்துப் பக்கம் போய்விட்டேன். நீ என் மகன் இல்லை என்று சொன்னது என்னைச் சுடவில்லை. அது நான் தேடிக்கொண்டது. அந்த இரண்டு சொற்களும் உன் வாயில் அவ்வளவு எளிதாக வந்தனவே, அதுதான் சுட்டது. எந்தச் சொற்களை நீ ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தாளில் எழுதியிருந்தால் குடைக்குள் இன்று நீ இருந்திருப்பாயோ, அதே சொற்களை வெயிலில் நின்று நாட்கூலிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இப்போது கேள். உன் பழைய தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். நான் பள்ளிக்குள் நுழைந்ததும், எங்கே பேசத் தொடங்கிவிடுவேனோ என்று எழுந்து நின்றார். பேசவில்லை, கேட்டேன். நீ படித்த பாடத்தில் தனியாக எழுதுவோர்க்கு இந்த ஆண்டே இறுதி என்றார். அடுத்த ஆண்டு பாடமே வேறு; பிறகு முதலிலிருந்து படிக்க வேண்டும். கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை மாலைப் பள்ளி மணி அடிக்கும்வரை விண்ணப்பத் தாளை வாங்குவார். எல்லாம் நிரப்பி அவரிடமே வைத்திருக்கிறது. உன் கையொப்பம் மட்டும் இல்லை. அதை அவர் கண்முன்னே நீதான் இட வேண்டும். இதை நீ படிக்கும்போது அந்த வெள்ளிக்கு எத்தனை நாள் மீதி இருக்குமோ, எனக்குத் தெரியாது. மீதியே இல்லாமலும் போகலாம்.

நீ வருவாய் என்று நான் நம்பவில்லை. நம்புகிறேன் என்று எழுதினால் இன்னொரு மேடைப் பேச்சாகிவிடும். வந்தாலும் இந்த மூன்று ஆண்டுகள் திரும்பப் போவதில்லை. உன் தாய் உன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதை நிமிர்த்த எனக்குத் தகுதியும் இல்லை. அந்த ஏட்டை எடுத்துப் பார்த்தேன். நீ அடித்து அடித்து மாற்றிய பக்கங்களில் மை ஊறிப் பின்பக்கமும் கறுத்திருக்கிறது. நம் சொற்கள் தோற்றுவிட்டனவா, இனி எப்போதாவது எவராவது அவற்றை எடுப்பாரா, எனக்குத் தெரியவில்லை. எடுத்தாலும் அந்த நாள் உனக்கு உதவப் போவதில்லை. என் பிள்ளையின் முதுகில் ஏறி அந்த நாளை எட்டிப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

ஆகையால், தேரடியில் உன் வாயிலிருந்து நான் வாங்கிய சூளுரையை, அதே ஊர் அறிய, இதோ உன்னிடமே திருப்பித் தருகிறேன். அது உன்னுடையது அல்ல. என்றும் என்னுடையதாகவே இருந்தது. அதன் முறிவும் என்னுடையதாகட்டும். என்னை இரண்டு நாக்குடையவன் என்று எவரேனும் ஏசினால் ஏசட்டும். சமகோணம். லம்பம். சமாந்தர ரேகை. கர்ணம். என் பெயரால் வெளிவரும் தாளில் நான்கையும் நானே அச்சேற்றிவிட்டேன். இனி உன்னைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கைதட்டிய பெருமக்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. முள்ளுக்காட்டில் சங்கிலி இழுக்கும் இளைஞனைக் கண்டால், தான் என் மகன் இல்லை என்று அவன் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தாளை அவன் கையில் கொடுங்கள். அவனை இன்றே வண்டியில் ஏற்றி அருப்புக்கோட்டைப் பள்ளி வாசலில் இறக்குங்கள். இம்முறை கைகளைத் தட்ட வேண்டாம். அவன் பையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

மகனே, சங்கிலியைக் கீழே போடு. இன்றே கிளம்பு. என்னைப் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டாம். பள்ளி மணி அடிக்குமுன் போய்க் கையொப்பமிடு. தேர்வறையில் படத்தை உன் போக்கில் வரை. அதன் சாய்ந்த பக்கத்துக்கு வந்ததும் என்னை நினையாதே. கர்ணம் என்று எழுது.